கார்டு கம்பெனியோடது... உடம்பு நம்மோடது!

போன மாதம் ஒரு சாயங்காலம். மேற்கே மலையில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். தங்கை மகன் வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். முகமெல்லாம் சிரிப்பு.

"மாமா, விசா வந்திருச்சு! ஷார்ஜா. ஏ.சி. மெக்கானிக் வேலை. இன்னும் பதினஞ்சு நாள்ல ஃபிளைட்."

எங்கள் வத்திராயிருப்பில் இது புதுச் செய்தி இல்லை. நெல்லும் தென்னையும் எல்லாருக்கும் சோறு போட்டுவிடாது. துபாய், சவூதி, சிங்கப்பூர், மலேசியா என்று கிளம்பிப் போனவர்கள் அனுப்பும் பணத்தில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. நானும் அப்படிப் போனவன்தான்.

வேலைக் கடிதத்தைப் பிரித்துக் காட்டினான். சம்பளம், ஓவர்டைம், ரூம், டிக்கெட் என்று ஒவ்வொன்றும் விவரமாக இருந்தது. கடைசியில் ஒரே ஒரு வரி. 'மருத்துவ வசதி: கம்பெனி தரும்.'

"இதுக்கு என்ன அர்த்தம் மாப்ளே?"

"அதான் மாமா, இன்ஷூரன்ஸ் கார்டு குடுத்துருவாங்க. உடம்புக்கு ஏதாச்சும்னா அவங்க பாத்துக்குவாங்க."

"சரி... லீவுல ஊருக்கு வந்த நேரத்துல ஏதாச்சும்னா? வேலையை விட்டுட்டு ஒரேயடியா வந்தப்புறம் ஏதாச்சும்னா?"

பையன் விழித்தான். "இங்கயா? இங்க என்ன மாமா..."

அவனை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. இருபத்து மூன்று வருஷம் நானும் அப்படியே விழித்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்குக் கொடுத்த விலையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

என் கதை

1994-ல் அபுதாபிக்குப் போனேன். அப்போது வயது 25. கல்லைத் தின்றாலும் ஜீரணமாகும் உடம்பு. 2006-ல் அங்கே வெளிநாட்டுக்காரர்களுக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயமானபோது எனக்கும் ஒரு கார்டு வந்தது. பர்ஸில் செருகிக்கொண்டேன்.

2010-ல் சர்க்கரை இருப்பது தெரிந்தது. கூடவே பிரஷரும். கார்டைக் காட்டினால் டாக்டர், மாத்திரை, பரிசோதனை எல்லாமே நடந்தது. கையிலிருந்து கொடுத்தது கொஞ்சம்தான். 'நமக்கென்ன கவலை' என்று இருந்துவிட்டேன். ஊரில் எனக்கென்று ஒரு மெடிக்கிளைம் பாலிசி எடுக்கலாம் என்ற யோசனையே வரவில்லை. இத்தனைக்கும் இந்தியாவில் மெடிக்கிளைம் 1986-லேயே வந்துவிட்டது.

2017-ல் கேன்சலில் ஊருக்கு வந்தேன். விசா போனது, அதோடு கார்டும் போனது. நாற்பத்தெட்டு வயதில், சர்க்கரையோடும் பிரஷரோடும், இந்தியாவில் எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் என்னை யாரென்று தெரியாது!

ஒரு பாலிசி எடுத்தேன். இருந்த நோய்களை மறைக்காமல் எழுதினேன். பிரீமியத்தைக் கூட்டிக் கொடுத்தார்கள். கூடவே ஒரு நிபந்தனை: ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும், அதனால் வருகிற கோளாறுகளுக்கும் 4 வருஷம் காத்திருக்க வேண்டும். அன்றைய விதி அது. கையெழுத்துப் போட்டேன்.

2019. ராத்திரி இரண்டு மணி. நெஞ்சை யாரோ மிதிக்கிற மாதிரி வலி. வீட்டார் பதறிப்போய் ஒரு காரைப் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோய் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். உயிர் பிழைத்தேன். பில் 2 லட்சத்து 65 ஆயிரம் ரூபாய். 'சர்க்கரை, ரத்த அழுத்தம் சம்பந்தப்பட்டது, காத்திருப்புக் காலம் முடியவில்லை' என்று கிளைமை மறுத்துவிட்டார்கள்.

அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. காகிதத்தில் இருந்ததைத்தான் சொன்னார்கள். தென்னந்தோப்பில் ஒரு பகுதியை ஒத்திக்கு வைத்துப் பணம் கட்டினேன். இருபத்து மூன்று வருஷப் பாலைவன வெயிலில் வாங்கிய தோப்பு அது. தப்பு என்னுடையது. 1994-ல் இல்லாவிட்டாலும், சர்க்கரை வருவதற்கு முன்னால் 2009-லாவது ஒரு பாலிசி எடுத்து விடாமல் கட்டியிருந்தால், 2019-ல் அது பத்து வயதுப் பாலிசி. கேள்வி கேட்காமல் பணம் வந்திருக்கும்.

ஆகவே நான் சொல்ல வருவது ஒன்றுதான். வெளிநாட்டுக் கம்பெனி தரும் கார்டு உங்கள் உடம்போடு ஒட்டியதல்ல. உங்கள் வேலையோடு ஒட்டியது. அதை நன்றாகப் பயன்படுத்துங்கள். ஆனால் விமானம் ஏறுவதற்கு முன்பே, ஆரோக்கியமாக இருக்கும்போதே, உங்கள் பெயரில் ஊரில் ஒரு பாலிசி போட்டுவிட்டு ஏறுங்கள்.

அங்கே என்ன கிடைக்கும்?

முதலில் அந்தக் கார்டைப் பார்ப்போம். நாட்டுக்கு நாடு விதி வேறு. ஐக்கிய அரபு அமீரகத்திலேயே ஊருக்கு ஊர் வேறாக இருந்தது.

துபாயில் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, ஊழியருக்கு இன்ஷூரன்ஸ் எடுத்துத் தருவது முதலாளியின் கடமை. குறைந்த சம்பளக்காரர்களுக்கான அடிப்படைத் திட்டத்தில் வருஷத்துக்கு 1,50,000 திர்ஹாம் வரை சிகிச்சை பெறலாம். ஆனால் எல்லாமே இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். செலவில் நம் பங்கு என்று ஒன்று உண்டு. 'கோ-பே' என்பார்கள். டாக்டரைப் பார்த்தால் 20 சதவீதம், மருந்து வாங்கினால் 30 சதவீதம் என்று நாம் கொடுக்க வேண்டும்.

ஷார்ஜா, அஜ்மான், ராஸ் அல் கைமா, உம் அல் குவைன், ஃபுஜைரா ஆகிய இடங்களில் தனியார் நிறுவன ஊழியர்களுக்கும் வீட்டு வேலையாட்களுக்கும் 2025 ஜனவரி 1 முதல்தான் இது கட்டாயமானது. அடிப்படைத் திட்டத்தின் பிரீமியம் வருஷத்துக்கு 320 திர்ஹாம். அதை முதலாளிதான் கட்ட வேண்டும். 'உன் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறேன்' என்றால் அது முறையல்ல.

சவூதியில் 1999-ல் வந்த சட்டப்படி தனியார் நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்குக் காப்பீடு எடுத்துத் தந்தாக வேண்டும்.

சிங்கப்பூருக்கு வருவோம். ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் உள்ளவர்களுக்கு முதலாளி எடுக்க வேண்டிய காப்பீடு 2023 ஜூலை 1 முதல் வருஷத்துக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் டாலர். அதற்கு முன்பு வெறும் 15,000 டாலராகத்தான் இருந்தது. நல்ல முன்னேற்றம். ஆனால் கவனியுங்கள்: சட்டம் கேட்பது ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கும், ஒரே நாளில் முடியும் அறுவைச் சிகிச்சைக்கும் மட்டும்தான். காய்ச்சல் தலைவலிக்கு டாக்டரிடம் போவது அதில் சேராது. எம்ப்ளாய்மென்ட் பாஸில் போகிற இன்ஜினீயர்களுக்கோ இந்தக் கட்டாயமும் இல்லை! 'படித்த வேலை, பெரிய கம்பெனி, எல்லாம் இருக்கும்' என்று நம்பிப் போகிறவர்கள்தான் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மலேசியாவில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கென்று 2011-ல் கொண்டுவந்த காப்பீடு, அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது.

கிளம்பும் முன் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

ஏஜெண்டிடம் சம்பளத்தைப் பற்றி நூறு தடவை கேட்கிறோம். இதைப் பற்றியும் ஒரு தடவை கேட்டால் என்ன? வாய்வார்த்தை போதாது. எழுத்தில் கேளுங்கள்.

1. வருஷத்துக்கு எவ்வளவு வரை? என் பங்கு எத்தனை சதவீதம்?

2. எந்த நாட்டுக்குள் செல்லும்? அடிப்படைப் பாலிசிகள் பெரும்பாலும் அந்த நாட்டுக்குள் மட்டும்தான். லீவில் வந்து கிருஷ்ணன்கோவில் விலக்கில் பைக்கிலிருந்து விழுந்தால், ஷார்ஜா கார்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் செல்லுபடியாகாது.

3. ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமாவுக்கு உண்டா? எத்தனை மாதம் கழித்து?

4. எந்தெந்த ஆஸ்பத்திரி, எந்தெந்த கிளினிக்? நான் தங்கப்போகும் கேம்ப்புக்குப் பக்கத்தில் எது?

5. மனைவி, குழந்தைகளைக் கூட்டிப்போனால் அவர்களுக்கு யார் எடுப்பது? பிரசவம் சேருமா? துபாயில் குடும்பத்துக்கு எடுக்க வேண்டியது விசா ஸ்பான்சர் செய்கிறவரின் பொறுப்பு. கணவரே ஸ்பான்சர் என்றால் அவருடைய பொறுப்பு!

6. வேலை முடிந்து விசா ரத்தாகும்போது கார்டு எந்தத் தேதி வரை?

அங்கே போனதும் கார்டின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நம் ஆட்கள் நிறையப் பேர் கார்டைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, உடம்பு சரியில்லாத அன்று தேடுகிறார்கள். பரிசோதனை ரிப்போர்ட்டுகளையும் சேர்த்து வையுங்கள். பிற்பாடு ஊரில் டாக்டருக்கும் உதவும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் உதவும்.

பத்தாவது முடிக்காதவர்களுக்கு

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் இ.சி.ஆர். பாஸ்போர்ட்டாக இருக்கும். இவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக மத்திய அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அப்போது 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' என்ற காப்பீட்டைக் கட்டாயம் எடுக்க வேண்டும். 2003-ல் தொடங்கி, 2017-ல் திருத்தப்பட்ட திட்டம். இரண்டு வருஷத்துக்குப் பிரீமியம் 275 ரூபாய். மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய். வரி தனி.

இந்தச் சின்னத் தொகைக்கு, விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். வைத்தியச் செலவுக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. வேலை செய்ய முடியாதபடி உடம்பு கெட்டால் ஊர் திரும்ப விமானக் கட்டணமும் உண்டு.

ஏஜெண்டே எல்லாக் காகிதத்தையும் போட்டுவிடுவதால், இப்படி ஒரு பாலிசி தன் பெயரில் இருப்பதே பல பேருக்குத் தெரியாது. வீட்டிலிருக்கும் அம்மாவுக்கும் மனைவிக்கும் சுத்தமாகத் தெரியாது. தெரியாத பாலிசியை யார் போய்க் கேட்பது? அதன் நகல் ஒன்று கட்டாயம் வீட்டு பீரோவில் இருக்க வேண்டும்.

ஒன்று ஞாபகம் வையுங்கள். சிங்கப்பூர் அந்த 18 நாடுகளில் இல்லை. அங்கே போகிறவருக்கு இந்தக் கட்டாயமும் கிடையாது. இந்தப் பாதுகாப்பும் கிடையாது.

ஊரில் ஒரு பாலிசி ஏன்?

"மாமா, அங்க கம்பெனி கட்டுது. இங்க நான் ஒண்ணு கட்டணுமா? வீட்டு மேல கடன் வேற இருக்கு..."

மருமகன் கேட்டது நியாயமான கேள்வி. சம்பளத்தில் பாதி முதல் வருஷம் ஏஜெண்ட் கடனுக்கே போய்விடும். எனக்குத் தெரியாததா? ஆனாலும் 'எடு' என்றுதான் சொன்னேன். காரணம் இது.

இன்ஷூரன்ஸ் என்பது ஒருவகையில் தென்னம்பிள்ளை மாதிரி. இன்றைக்கு நட்டால் இன்றைக்கே இளநீர் இறங்காது. வருஷங்கள் ஓட வேண்டும். புதுப் பாலிசியில் முதல் 30 நாள் விபத்தைத் தவிர வேறு எதற்கும் பணம் வராது. கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்குப் பெரும்பாலும் 2 வருஷம் பொறுக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்க்கு 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 36 மாதம். என் காலத்தில் இருந்த 48 மாதத்தை இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் குறைத்திருக்கிறது. அதோடு, ஒரு பாலிசியை 60 மாதம் விடாமல் கட்டிவிட்டால், அதற்குப் பிறகு மோசடி என்று நிரூபித்தால் தவிர, 'நீ அதைச் சொல்லவில்லை, இதைச் சொல்லவில்லை' என்று கிளைமை மறுக்க முடியாது. முன்பு இது 8 வருஷமாக இருந்தது.

இந்த வருஷங்கள் எல்லாம் எப்போது ஓடினால் லாபம்? உடம்பு நன்றாக இருக்கும்போது, நீங்கள் அங்கே உழைத்துக்கொண்டிருக்கும்போதே ஓடிவிட்டால்தான் லாபம்! இடையில் லீவில் வந்தாலும் பாலிசி உண்டு. ஒரேயடியாக வந்தாலும் உண்டு. வெளிநாட்டில் வேலை செய்கிற இந்தியர் இங்கே பாலிசி எடுக்கத் தடையில்லை. சிகிச்சை பெரும்பாலும் இந்தியாவுக்குள் மட்டும். வேலையையும் இருக்கும் நாட்டையும் உள்ளபடி எழுத வேண்டும். அவ்வளவுதான்.

செலவு? மருமகனுக்கு வயது 24. 5 லட்சம் ரூபாய் பாலிசிக்கு வருஷத்துக்கு ஏழாயிரத்துச் சொச்சம் சொன்னார்கள். நான் இப்போது கட்டுவது இருபத்தேழாயிரம்! தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. வரியும் 2025 செப்டம்பர் 22 முதல் கிடையாது.

கட்டும் தேதியைத் தவறவிடாதீர்கள். வருஷப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகை உண்டு. அதற்கு மேல் போனால் ஓடிய வருஷங்கள் அத்தனையும் வீண். பேங்க் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ள எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஊரில் அப்பாவோ மனைவியோ தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கட்டும்.

மறைக்காதீர்கள்

"சுகர் இருக்குன்னு எழுதினா பிரீமியம் கூடும்ணே. இல்லேன்னே போட்டுருவோம்." இப்படிச் சொல்லும் ஏஜெண்டுகள் உண்டு. வளைகுடா மெடிக்கல் டெஸ்டுக்குப் போவதற்கு முன் மாத்திரையைக் கூட்டிப் போட்டு, பட்டினி கிடந்து, சர்க்கரையை இறக்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. இரண்டும் தனக்குத்தானே குழி வெட்டுவது. மாத்திரையைக் கூட்டினால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கமே வரலாம். பாலிசியில் மறைத்தாலோ, ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றே 'எத்தனை வருஷமா சுகர்?' என்று டாக்டர் கேட்பார். நாம் உண்மையைச் சொல்வோம். அது கேஸ் ஷீட்டில் ஏறும். கிளைம் போகும்!

நான் உண்மையை எழுதியதால் என் பாலிசி பிழைத்தது. காத்திருப்புக் காலம் முடிந்த பிறகு, இன்றைக்கு என் இதயத்துக்கும் சேர்த்துத்தான் அது காப்பு.

வீட்டில் இருக்கும் பெரியவர்கள்

பையன் துபாயில் இருப்பான். இங்கே அப்பாவுக்கு நெஞ்சுவலி வரும். வெளிநாட்டுக் குடும்பங்களில் அடிக்கடி நடப்பது இதுதான். பையனின் கார்டு அப்பாவுக்கு ஒரு பைசா தராது.

வயதான பெற்றோரைத் தன் குடும்பப் பாலிசியில் சேர்க்காமல் தனியாக எடுப்பது நல்லது. குடும்பப் பாலிசியில் மூத்தவரின் வயதை வைத்தே பிரீமியம் போடுவார்கள். '65 தாண்டிட்டா பாலிசி கிடையாது' என்ற பழைய பேச்சை நம்ப வேண்டாம். 2024 ஏப்ரல் முதல் அந்த வயது வரம்பு இல்லை. பிரீமியம் கனமாக இருக்கும், கோ-பேயும் இருக்கலாம். படித்துப் பார்த்து எடுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2012 ஜனவரியிலிருந்து நடக்கும் அருமையான திட்டம். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. ஆனால் அது ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு. தகுதி இருந்தால் கட்டாயம் கார்டு வாங்குங்கள். வெளிநாட்டுப் பணம் வந்துகொண்டிருக்கும்போது பொய் வருமானச் சான்றிதழ் வாங்காதீர்கள். அது கூலி வேலை செய்யும் பக்கத்து வீட்டுக்காரரின் பங்கு.

அரசாங்க ஆஸ்பத்திரியையும் குறைவாக எண்ண வேண்டாம். விருதுநகரில் 2022 ஜனவரியில் மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. எனக்கு வைத்த ஸ்டென்ட்டை மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியிலும் வைக்கிறார்கள். அந்த ராத்திரி எங்கள் வீட்டில் யாருக்கும் அது தோன்றவில்லை. அதுவும் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டிய விஷயம்தான்.

பாலிசியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஏஜெண்ட் ஆயிரம் ஆஸ்பத்திரிப் பெயர் அச்சடித்த புத்தகத்தைக் காட்டுவார். நீங்கள் தேட வேண்டியது மூன்றே ஊர்: ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், மதுரை. சென்னையில் ஐம்பது ஆஸ்பத்திரி இருந்து நமக்கு என்ன? ராத்திரி இரண்டு மணிக்கு எங்கே போவோமோ, அந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து ரூம் வாடகை. 5 லட்சம் பாலிசியில் 'ஒரு நாள் ரூம் வாடகை 1 சதவீதம்' என்று இருந்தால் 5,000 ரூபாய். நீங்கள் 10,000 ரூபாய் ரூமில் படுத்தால், ரூம் வாடகையில் மட்டும் பாதி வெட்டுவார்கள் என்று நினைக்காதீர்கள். மருந்து, ஸ்டென்ட் போன்றவை நீங்கலாக, டாக்டர் ஃபீஸ் முதலான மற்றவற்றிலும் அதே கணக்கில் வெட்டு விழும். இந்த வரம்பு இல்லாத பாலிசி கிடைத்தால் நல்லது.

பாலிசி கைக்கு வந்ததும் 30 நாள் அவகாசம் உண்டு. படித்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். அந்த 30 நாளில் ஒரு நாளாவது படியுங்கள் சார்!

பயன்படுத்தும் நாளில்...

அவசரமாகச் சேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள், முன்பே திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் 48 மணி நேரம் முன்னால் கம்பெனிக்குத் தகவல் சொல்ல வேண்டும். பெரும்பாலான பாலிசிகளில் இதுதான் முறை. பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் 'கேஷ்லெஸ்' வசதிக்கு ஆஸ்பத்திரி கேட்டால், கம்பெனி ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் பில்லுக்கு 3 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். 2024 மே மாதம் ஆணையம் போட்ட உத்தரவு இது. 'சாயங்காலம் வரைக்கும் உட்காருங்க' என்றால் இந்த உத்தரவை ஞாபகப்படுத்துங்கள்.

கிளைமை மறுத்தால் வாய்வழிப் பதிலை ஏற்காதீர்கள். காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ, ஒரு வருஷத்துக்குள் சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். நியாயம் நம் பக்கம் இருந்தால் தயங்க வேண்டாம்.

அரசாங்கத்துக்கு ஒரு வார்த்தை

எல்லாவற்றையும் தனி மனிதன் தலையில் கட்டிவிட்டால் போதுமா? மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. 2025-ல் வெளிநாடு வாழ் மலையாளிகளுக்காக 'நோர்க்கா கேர்' என்ற குழுக் காப்பீட்டைக் கொண்டுவந்தார்கள். குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் ஆஸ்பத்திரிச் செலவு, 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு. ஆயிரக்கணக்கானவர்களை ஒன்றாகச் சேர்த்து எடுக்கும்போது கம்பெனியிடம் பேரம் பேச முடிகிறது. தனியாகப் போய் நிற்கிற சர்க்கரை நோயாளிக்கு அந்தப் பலம் ஏது?

நமக்கும் அயலகத் தமிழர் நல வாரியம் இருக்கிறது. 2011-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தது. உறுப்பினரானால் விபத்துக் காப்பீடு எடுக்க வழி உண்டு. போகிறவர்கள் எல்லாரும் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் விபத்துக்கு மட்டும் காப்பு போதாது. அங்கே இருபது வருஷம் உழைத்தவன் சர்க்கரையோடும் சிறுநீரகக் கோளாறோடும்தான் திரும்பி வருகிறான். அவனுக்கும், அவன் வயதான பெற்றோருக்கும் சேர்த்துக் கேரளத்து மாதிரி ஒரு குழுக் காப்பீடு இங்கேயும் வரவேண்டும் என்பது என் கட்சி. அவன் அனுப்பிய பணத்தில் ஊர் வளர்ந்தது. அவன் படுத்துவிட்டால் ஊர் பார்க்க வேண்டாமா?

மருமகன் கிளம்பினான்

அன்றைக்கு மருமகன் ஒன்றும் பேசாமல்தான் போனான். 'மாமா பழசையே பேசுறாரு' என்று நினைத்திருப்பானோ என்று எனக்கும் சந்தேகம். நாலு நாள் கழித்து அவனும் என் தங்கையும் வந்தார்கள்.

"அண்ணே, அவன் பேர்ல ஒரு பாலிசி போட்டாச்சு. ஏஜெண்டுகிட்ட பிரிண்ட் போட்டு வாங்கிட்டோம். எனக்கும் அவங்க அப்பாவுக்கும் அடுத்த வருஷம் எடுத்துத் தர்றேன்னு சொல்லியிருக்கான்" என்றாள் தங்கை. பிளைட்டுக்குப் புதுச் சட்டை எடுக்க வைத்திருந்த பணத்தோடு, தங்கை சீட்டுப் பணத்தையும் போட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

"பழைய சட்டையே நல்லாத்தான் இருக்கு மாமா" என்று சிரித்தான் பையன்.

மதுரை ஏர்போர்ட்டில் அவனை வழியனுப்பிவிட்டுத் திரும்பும்போது, பஸ் ஜன்னல் வழியே எங்கள் ஊர்த் தோப்புகள் தெரிந்தன. ஒத்தியில் இருக்கும் என்னுடையதும் அதில் ஒன்று. இன்னும் ஒரு வருஷத்தில் மீட்டுவிடுவேன். அவன் வாங்கப்போகும் தோப்பை யாரும் ஒத்திக்கு வைக்க வேண்டியிருக்காது.